கொண்டுசென்றவர் பெயர் தெரிகிறது, பாடியவர் பெயர் எங்கே? ஸ்பானிய நாட்டார் இசையை வெளிநாட்டில் பரப்பியவர்கள் பற்றி

இசைத்தாள் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தன்னார்வப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். ஒரு பருவத்தில் நான்கு குரல்களுக்கென எழுதப்பட்ட ஸ்பானியப் பாட்டு ஒன்று எங்கள் கைக்கு வந்தது. தாளின் வலது மேல் மூலையில், அதை நான்கு குரலாக விரித்தவரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. இடது மூலையில் 'மரபுப் பாட்டு' என்ற இரண்டே சொற்களும், 'அஸ்தூரியாஸ்' என்று வட ஸ்பெயினின் ஒரு வட்டாரப் பெயரும். எந்த ஊரில் கேட்டது, யார் பாடியது, தாலாட்டா, அறுவடைப் பாட்டா, எதுவும் இல்லை. நடத்துநரிடம் கேட்டதற்கு, "மரபுப் பாட்டுக்கு ஏதய்யா ஊர்?" என்று சிரித்துவிட்டு ஒத்திகையைத் தொடர்ந்தார்.

அந்த ஊரைத் தேடப் போய்த்தான் எடுவார்தோ மார்த்தீனெஸ் தோர்னேர் என்ற பெயரில் வந்து நின்றேன். 1888இல் ஓவியேதோ நகரில் பிறந்தவர். முதல் உலகப் போருக்கு முன் பாரிஸில் வின்சென்ட் தாந்தியின் ஸ்கோலா காந்தோரும் பள்ளியில் பயின்றவர். ஊர் திரும்பியதும் கச்சேரி மேடையைத் தேடாமல் அஸ்தூரியாஸின் மலைக் கிராமங்களில் பாட்டு எழுதிக்கொண்டு அலைந்தவர். அதன் பலனாக 1920இல் 500 மெட்டுகள் அடங்கிய தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதில் அவர் பாடல்களைப் பொருளைக் கொண்டு பிரிக்காமல், மெட்டு எப்படி எழுந்து எங்கே அடங்குகிறது என்பதைக் கொண்டு வகைப்படுத்தினார். இரண்டாம் குடியரசுக் காலத்தில், 1931இல் தொடங்கிய கல்விப் பயணத் திட்டத்தில் மாணவர் பாடகர் குழுவை நடத்தினார்; ஒரு வட்டாரத்தின் பாட்டை இன்னொரு வட்டாரத்தின் ஊர்ச் சதுக்கத்தில் பாடிக்காட்டினார்கள், கிராமபோன் பெட்டியும் கூடவே போயிற்று. 1939இல் உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்தபோது பிரெஞ்சு எல்லையைக் கடந்து, பிறகு இலண்டன் சேர்ந்தார். அங்கே கற்பித்தார், 1948இல் ஒரு ஸ்பானியப் பாடல் தொகுப்பை வெளியிட்டார், 1955இல் அங்கேயே இறந்தார்.

இவரைப் போல் ஸ்பெயினின் பாட்டை வெளியே கொண்டுசென்றவர்கள் பலர். இவர்களில் யாரைச் சேகரிப்பாளர் என்று ஒப்புக்கொள்வது, யாரைப் பாட்டை எடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டவர் என்று சொல்வது? எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: பாட்டோடு சேர்ந்து, பாடியவரைப் பற்றிய சீட்டும் பயணப்பட்டதா? அது சரியான அளவுகோல்தானா என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஊசித்தட்டு:

ஐயா, நான் பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவன். ஆகவே ஒருதலையாகப் பேசுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவுகோல் நூலகத்துக்குப் பொருந்தும், பாட்டுக்குப் பொருந்தாது.

1931இல் கவிஞர் ஃபெதெரீகோ கார்சியா லோர்காவும் லா அர்ஹெந்தினீத்தா என்ற பெயரில் புகழ்பெற்ற நடனமணி என்கார்னாசியோன் லோப்பெஸும் ஐந்து இசைத்தட்டுகளில் பத்து நாட்டார் பாடல்களைப் பதிந்தார்கள். பியானோ வாசித்தவர் லோர்கா. பாட்டும், கையில் காஸ்தனெட் கட்டைகளும், தரையில் காலடித் தட்டும் அர்ஹெந்தினீத்தாவுடையவை. லோர்காவின் பேச்சுக்குரல் எந்த ஒலிப்பதிவிலும் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தட்டுகளில் கேட்கும் விரல்கள் மட்டுமே மிச்சம். அதில் எந்த ஊரின் பெயரும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்பெயினின் நகரத்து மக்கள் தங்கள் பாட்டிமார் பாடியதைக் கூச்சமின்றித் திரும்பப் பாடத் தொடங்கியது இந்தத் தட்டுகளால். போர் வெடித்தபின் அர்ஹெந்தினீத்தா இந்தப் பாடல்களையும் ஆடல்களையும் அமெரிக்க மேடைகளுக்குக் கொண்டுபோனார். 1945இல் நியூயார்க்கில் இறந்தார். ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லாமல் அவர் சேர்த்த கேட்பாளர்களை, 500 மெட்டுகள் கொண்ட எந்தத் தடித்த நூல் சேர்த்தது?

மறுபக்கம்:

ஊசித்தட்டு சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அந்தப் பத்தில் ஒன்று, மொன்லெயோன் ஊர் இளைஞர்கள் காளையோடு மோதப் போய் ஒருவன் பிணமாகத் திரும்பும் கதைப்பாட்டு. அதை லோர்கா எந்த வயலிலும் கேட்டு எழுதவில்லை. தாமாசோ லெதெஸ்மா என்ற பாதிரியார் சாலமாங்கா வட்டாரத்தில் சேகரித்து 1907இல் அச்சிட்ட தொகுப்பிலிருந்து எடுத்தார். எடுத்தது குற்றமில்லை. ஆனால் இன்று உலகெங்கும் பாட்டரங்கு நிகழ்ச்சி நிரல்களில் அது 'லோர்காவின் பாட்டு' என்றே அச்சாகிறது. பாடியவரின் பெயர் இருக்கட்டும், ஊர் ஊராய் நடந்து எழுதிய பாதிரியாரின் பெயரும் போயிற்று. தொகுத்தவரையே விழுங்கிய புகழை நாம் பரப்புதல் என்கிறோம்.

இது புதிதும் அல்ல. ஹோசே இன்சேங்கா 1874இல் வெளியிட்ட தொகுப்பில் அஸ்தூரியாஸின் வைகறைப் பாட்டு ஒன்று பைக்குழலுக்கானதாக இருந்தது. அதை ரஷ்யாவில் உட்கார்ந்து படித்த இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1887இல் முழு இசைக்குழுவுக்கான தன் ஸ்பானிய காப்ரிச்சியோவின் தொடக்கமாக்கினார். கச்சேரி அரங்குகளில் கேட்டவர்களுக்கு ஸ்பெயின் என்றால் அந்த ஒலிதான். பைக்குழலை ஊதியவன் யார்? ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு முன்பே 1845இல் கிளிங்கா என்ற ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்பெயினுக்கே வந்து, ஏறத்தாழ இரண்டாண்டு தங்கி, கழுதைச் சாரதிகளிடமும் கிட்டார்க் கலைஞர்களிடமும் நேரில் கேட்டு எழுதிக்கொண்டார். அவரையாவது உட்கார்ந்து கேட்டவர் என்று மதிக்கலாம்.

ஊசித்தட்டு:

மறுபக்கம் அவர்களே, லெதெஸ்மா பற்றிய குறிப்புக்கு நன்றி, அதை மறுக்கவில்லை. ஆனால் 'விழுங்கியது' என்ற சொல்லை மறுக்கிறேன்.

அதே தட்டுகளில் நான்கு கோவேறுகழுதைக்காரர்களைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. வயலுக்குப் போகும் நால்வரில் புள்ளிக் கழுதையை ஓட்டுபவனே என் கணவன் என்று ஒரு பெண் பாடுகிறாள், அவ்வளவுதான் பாட்டு. 1936இல் தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தபோது மத்ரீத் மக்கள் அந்த நான்கு கழுதைக்காரர்களை நான்கு தளபதிகளாக்கினார்கள். 1938இல் பார்சலோனாவில் எர்ன்ஸ்ட் புஷ் என்ற ஜெர்மன் பாடகர் அதைப் குடியரசுக்காகப் போரிட வந்த வெளிநாட்டுத் தொண்டர்களின் பன்னாட்டுப் படையணிகளின் பாட்டாகப் பதிந்தார்; பின்னர் பீட் சீகரும் நண்பர்களும் அமெரிக்காவில் பாடினார்கள். கழுதைக்காரனின் மனைவி பாடிய மெட்டு, ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களின் வாயில் இன்றும் இருக்கிறது. தட்டில் வந்து தெருவுக்குப் பழகியிராவிட்டால் இரண்டே நாளில் புதுச் சொல் ஏற்றிப் பாடியிருக்க முடியுமா? நாட்டார் பாட்டுக்கு மாறுவதுதான் இயல்பு. அதை மாறாமல் காப்பாற்றுவேன் என்பவரே அதற்கு அந்நியர்.

வடகடல்:

நான் கிஹோன் துறைமுகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அஸ்தூரியாஸ் என்ற பெயரை இந்தக் குழுமத்தில் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் இருவரும் சீட்டைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள். எந்த ஸ்பெயின் வெளியே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஊரிலிருந்து வரும் உறவினர் ஒவ்வொருவரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே தினமும் ஃபிளமென்கோ பார்ப்பீர்களா?" என்பதுதான். நான் இருக்கும் இடத்தில் பைக்குழல் ஒலிக்கும், மழை பெய்யும், ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேல் உயர்த்திய புட்டியிலிருந்து குவளைக்குள் ஊற்றுவார்கள். அந்தலூசியாவின் பாட்டும் ஆட்டமும் அருமையானவை. ஆனால் அவை மட்டுமே நாடு என்று ஆயிற்று. அதற்குச் சுற்றுலாவும் மேடையும் அரசும் சேர்ந்து உழைத்தன.

அரசு என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். போரில் வென்ற சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியின் மகளிர் பிரிவு 'பாடகர் குழுவும் ஆடலும்' என்ற பெயரில் நாடெங்கும் பெண்களைத் திரட்டியது. வட்டாரப் பாடல்களையும் ஆடைகளையும் ஆடல்களையும் அவர்கள் சேகரித்தார்கள் என்பது உண்மை. அவர்கள் குறித்துவைக்காவிட்டால் சில ஆடல்கள் இன்று இருந்திரா என்று இங்குள்ள பெரியவர்களே சொல்கிறார்கள். ஆனால் 1948இல் அவர்களை அர்ஜென்டினாவுக்கு அனுப்பியது நாட்டாரியல் ஆர்வத்தால் அல்ல. உலகம் ஒதுக்கிவைத்திருந்த ஓர் ஆட்சி, தன் முகமாகச் சிரித்த பெண்களைக் கப்பலேற்றியது. கிழவிகள் அடுப்படியில் கை தளர்ந்து ஆடியதை இளம்பெண்கள் வரிசை பிசகாமல் ஆடினார்கள். ஊர்ப் பெயர், ஆடையின் பெயர், ஆடலின் பெயர் எல்லாம் நிகழ்ச்சி நிரலில் ஒழுங்காக இருக்கும். இசைத்தாள் அவர்களே, உங்கள் அளவுகோலில் அவர்கள் முழு மதிப்பெண் பெறுவார்களே, என்ன செய்வீர்கள்?

இசைத்தாள்:

வடகடல் அவர்களின் கேள்வி நியாயமானது; என் அளவுகோலைத் திருத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயர் போதாது, ஆள் வேண்டும். அதோடு, அந்த ஆள் எந்த நிலையில் இருந்து பாடினார் என்பதைச் சொல்லும் துணிவும் வேண்டும்.

அதனால்தான் என்னை இழுத்தவர் ஆலன் லோமாக்ஸ். டெக்சாஸில் பிறந்தவர், தாமே கிட்டார் எடுத்துப் பாடுபவர். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை மும்முரமாக இருந்தபோது 1950இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பியவர். கொலம்பியா நிறுவனத்துக்காக உலக நாட்டார் இசைத்தட்டு வரிசை ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். 1952 கோடையில் மயோர்க்காத் தீவின் பால்மா நகரில் நடந்த நாட்டார் இசை மாநாட்டுக்குப் போனார். ஸ்பெயினில் ஊர் ஊராகப் பதியும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. மாநாட்டுத் தலைவர் அவரிடம், ஸ்பெயினின் எந்த இசையியலாளரும் உனக்கு உதவாதபடி பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி, நாட்டைவிட்டுப் போகவும் சொன்னாராம். அந்தக் கணத்தில், வாழ்நாள் முழுவதும் ஆனாலும் இந்த நாட்டின் இசையைப் பதிந்தே தீருவேன் என்று மனத்துக்குள் சபதம் செய்ததாக லோமாக்ஸ் பின்னர் எழுதினார். ஒருவன் கோபத்தில் தொடங்கிய காரியம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

1953 ஜனவரி வரை, ஏறத்தாழ ஏழு மாதங்கள், பளுவான ஒலிநாடாக் கருவியோடு மயோர்க்கா, இபீசா, வலென்சியா, அரகோன், எஸ்த்ரெமதூரா, கலீசியா, அஸ்தூரியாஸ், பாஸ்க் நாடு என்று சுற்றினார். சுமார் 75 மணி நேரப் பதிவு. ஏழ்மையையும் காவலாட்சியையும் கண்டு மனம் நொந்தே அலைந்ததாக எழுதியிருக்கிறார். எந்த மலை மூலையில் கருவியை விரித்தாலும் பளபளக்கும் கருந்தோல் தொப்பியோடு சிவில் காவலர்கள் வந்து நிற்பார்கள், பாடுகிறவரின் குரல் தானாகவே சுருங்கிவிடும் என்றும் எழுதினார். அவரை ஒருமுறையும் கைது செய்யவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் அவர்களுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. அந்தப் பதிவுகள் பி.பி.சி. வானொலியிலும் அமெரிக்க இசைத்தட்டுகளிலும் வெளிவந்தன. இன்று பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

தாளக்கணக்கு:

ஒலிநாடா ஏன் அவசியமாயிற்று என்பதைத் தாளம் பழகுகிறவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன். வடகடல் அக்கா, தவறிருந்தால் திருத்துங்கள்.

பழைய தொகுப்பாளர்களில் பெரும்பாலோர் பாதிரியார்கள், தேவாலய ஆர்கன் கலைஞர்கள். அவர்கள் காது மூவெட்டு, ஆறெட்டு என்ற சதுரங்களுக்குப் பழகியது. அரகோனின் ஹோத்தா ஆடலும் கலீசியாவின் முய்ஞேய்ரா ஆடலும் அதில் ஒருவாறு அடங்கும். காஸ்தில்யாவின் வட்ட ஆடல்களில் ஐந்தெட்டு வரும். நமக்குக் கண்ட நடை என்றால் விளங்கும். அதுவும் கடிகாரம்போல் ஐந்தல்ல, ஆடுகிறவரின் காலுக்கேற்ப ஓர் அட்சரம் கொஞ்சம் சாயும். 1903இல் புர்கோஸ் தொகுப்பை வெளியிட்ட ஃபெதெரீகோ ஓல்மேதா இந்த வட்ட ஆடல்களின் தாளத்தைக் கவனித்துப் பேசியவர். ஆனால் கவனித்தவர்கூட எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும்; எழுதியதும் சாய்வு நிமிர்ந்துவிடுகிறது. அஸ்தூரியாஸின் நெடும்பாட்டோ தாளமே இன்றி, ஓரசையை இழைத்து இழைத்து நீட்டிப் பாடுவது. அதைத் தாளில் எழுதினால் பூச்சி ஊர்ந்த தடம்போல இருக்கும்.

மேலும், அச்சுத் தொகுப்புகள் பெரும்பாலும் மெட்டை மட்டும் தந்தன. வெண்கல உரலை உலக்கையால் கணகணக்கச் செய்வது, மேடுபள்ளம் கொண்ட அனிஸ் மதுப்புட்டியைக் கரண்டியால் சுரண்டுவது, தோலில் செருகிய குச்சியை ஈரக் கையால் உருவி உறுமச் செய்யும் சம்போம்பா, இவையெல்லாம் 'தாளக்கருவியுடன்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. நாடாவில் உரலும் புட்டியும் பேசுகின்றன.

மறுபக்கம்:

இசைத்தாள் அவர்களின் லோமாக்ஸ் கதையில் ஒரு திருத்தம். அந்த மாநாட்டுத் தலைவர் மாரியுஸ் ஷ்னைடர், பெர்லின் ஒலிப்பதிவகத்திலிருந்து பார்சலோனாவின் இசையியல் நிறுவனத்துக்கு வந்தவர். லோமாக்ஸ் அவரை நாஜி என்றே எழுதினார். பிற்கால ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஷ்னைடரின் நாட்டாரியல் பிரிவு வழியாக அந்த நிறுவனம் 1944 முதல் சேகரிப்பாளர்களை ஊர் ஊராக அனுப்பியது. 20,000க்கும் மேற்பட்ட மெட்டுகள் சேர்ந்தன. கையெழுத்துச் சுவடிகளாகக் கிடந்த அவை இப்போது இணையத்தில் இருக்கின்றன, பாடியவர்களின் விவரங்களோடு. லோமாக்ஸ் நாயகன், ஷ்னைடர் வில்லன் என்று சினிமாக் கணக்கில் பிரித்தால் அந்த 20,000 மெட்டுகளை எங்கே வைப்பது? குண்டு வீச்சும் சிறையும் பார்த்த நாட்டில், சேகரிப்பாளரின் அரசியலும் சேகரிப்பின் தரமும் ஒரே நேர்கோட்டில் போகவில்லை. செகோவியாவின் துல்சைனா ஊதுகுழல் கலைஞர் அகபீத்தோ மராசுவேலா தன் தொகுப்புக்கு 1932இல் தேசியப் பரிசு பெற்றார். போருக்குப் பின் சிறை சென்றார். நூல் அச்சானது 1964இல்.

இனி லோமாக்ஸின் சீட்டு என்ன ஆயிற்று என்று பாருங்கள். கலீசியாவில் பன்றிக்கு விதையடிக்கும் தொழிலாளர்களும் கத்தி சாணை பிடிப்பவர்களும் ஊருக்குள் நுழையும்போது, தாங்கள் வந்திருப்பதை அறிவிக்க ஒரு சிறு குழலை ஊதுவார்கள். ஒரே மரத்துண்டில் வரிசையாகத் துளையிட்டது, உள்ளங்கையளவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உதட்டில் சறுக்கினால் கீச்சென்று ஏறி இறங்கும். 1952இல் ஓரென்சே மாகாணத்தில் அத்தகைய தொழிலாளி ஒருவர் ஊதிய வைகறைப் பாட்டை லோமாக்ஸ் பதிந்தார், பெயரும் எழுதிக்கொண்டார். அது கொலம்பியாவின் ஸ்பெயின் தட்டில் வந்தது. அதைக் கேட்ட கில் எவன்ஸ் என்ற இசையமைப்பாளர், அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1960இல் வெளியிட்ட ஸ்பானியச் சித்திரங்கள் என்ற தட்டுக்காக அதே மெட்டை இசைக்குழுவுக்கு எழுதினார். தட்டில் இசையமைத்தவர் என்று யார் பெயர் இருக்கிறது? கில் எவன்ஸ். சீட்டு எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதினார். அடுத்த கை அதைக் கழற்றி வைத்துவிட்டது.

ஊசித்தட்டு:

அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. மறுபக்கம் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு முதலில் லோமாக்ஸின் பதிவையும் அடுத்து டேவிஸின் தட்டையும் கேட்டேன். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது.

டேவிஸின் வாசிப்பில், ஒலியடக்கி பொருத்திய டிரம்பெட் தொலைவிலிருந்து வருவதுபோல் வரும். கீழே புல்லாங்குழல்கள் ஒரே சிறு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். முப்பது ஆண்டுகளாக அதை அதிகாலைத் தனிமை என்று எண்ணி உருகியிருக்கிறேன். மூலத்தைக் கேட்டால் தனிமையே இல்லை. அது கடைக்காரர் கூவும் குரல். உங்கள் வீட்டில் பன்றி இருக்கிறதா, நான் வந்துவிட்டேன் என்கிற குழல். சுறுசுறுப்பாக, கொஞ்சம் குறும்பாகக்கூட. மெட்டு அதேதான், வேலை போய்விட்டது.

இதனால் டேவிஸின் தட்டை ஒதுக்கமாட்டேன். இன்னொரு கலைஞனின் கையில் அது வேறொன்றாகப் பிறந்திருக்கிறது, அதுவும் பெரிய பிறப்பு. ஆனால் 'மாறுவதுதான் இயல்பு' என்று முன்பு வீரமாக எழுதியதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: மாறியதை அறிய மூலம் எங்காவது இருக்க வேண்டும். மத்ரீத் மக்கள் கழுதைக்காரரைத் தளபதியாக்கியபோது, இரண்டையும் அறிந்தவர்கள் பாடினார்கள், சிரித்தார்கள். நான் ஒன்றை மட்டுமே அறிந்து உருகினேன்.

நெறியாளர்:

ஃபிளமென்கோவுக்கு உரிமையாளர் ஜிப்சிகளா அந்தலூசியர்களா என்று நடந்த ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வெளிநாடு சென்ற சேகரிப்பாளர்களைப் பற்றி மட்டும் தொடரவும்.

இசைத்தாள்:

நன்றி, நெறியாளர் ஐயா. ஊசித்தட்டு அவர்களின் பதிவுக்குப் பின் வாதாட எனக்கு அதிகம் இல்லை. ஆனால் இருவகையையும் ஒரே வாழ்க்கையில் செய்த ஒருவரைக் குறிப்பிடாமல் விடக்கூடாது. கூர்ட் ஷிண்ட்லர், 1882இல் பெர்லினில் பிறந்து, நியூயார்க்கில் ஸ்கோலா காந்தோரும் என்ற பாடகர் குழுவை நிறுவி நடத்தியவர். (தோர்னேர் படித்த பாரிஸ் பள்ளிக்கும் இதே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் முதலில் செய்தது என் குழுவின் தாளில் இருந்த அதே வேலை: ஸ்பானிய, கத்தலான் பாடல்களை அமெரிக்கப் பாடகர்களுக்காகப் பல குரலாக விரித்து அச்சிட்டார். பிறகு, ஐம்பது வயதை நெருங்கும்போது, அலுமினியத் தட்டில் ஒலிபதியும் கருவியோடு சோரியா, ஆவிலா, காசெரெஸ் பக்கத்துக் கிராமங்களுக்குத் தாமே போனார். அச்சுத் தொகுப்பிலிருந்து பாட்டெடுத்துப் புகழ் பெற்றவர், அந்தப் பாட்டு எங்கே மூச்சுவிடுகிறது என்று பார்க்கப் போனது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1935இல் இறந்தார். அவர் திரட்டியவை 1941இல்தான் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்பானிய நிறுவன வெளியீடாக வந்தன.

தோர்னேருக்கு எதிர்த்திசை வாய்த்தது. மலைக் கிராமங்களில் தொடங்கியவர், பாடுகிறவர் ஒருவரும் இல்லாத நகரத்தில் முடித்தார். இலண்டனில் இருந்தபடி அஸ்தூரியாஸின் மாடு மேய்ப்போரான வகேய்ரோக்களின் பாட்டை எப்படிச் சேகரிப்பது? அவர் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். வாய்மொழிப் பாடல்களின் சிறு பல்லவிகளை, பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டு அரசவைக் கவிஞர்களின் வரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஏட்டிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து ஏட்டுக்கும் என்னென்ன போய்வந்தன என்று குறித்தார். அந்த நூல் 1966இல், அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, ஸ்பெயினில் வெளியானது. அவரும் ஹெசுஸ் பால் இ காய் என்ற இசையமைப்பாளரும் போருக்கு முன் கலீசியாவில் சேகரித்தவையோ 1973 வரை அச்சுக்குக் காத்திருந்தன.

பால் இ காயும் நாடிழந்தவரே. அவர் சென்றது மெக்சிகோவுக்கு. அங்கே 1944இல் அவர் பதிப்பித்த நூலின் கதை வேடிக்கையானது: 1556இல் வெனிஸில் அச்சான ஸ்பானியப் பாடல் தொகுதி, அதன் ஒரே படி சுவீடனின் உப்சாலாவில் கண்டெடுக்கப்பட்டது, மறுபதிப்பு மெக்சிகோவில். அந்த நூல் அச்சானதும், கிடைத்ததும், மறுபடி அச்சானதும் ஸ்பெயினுக்கு வெளியே.

மறுபக்கம்:

வெளியே என்றால் இன்னொன்று. மனுவேல் மன்ரீக்கே தெ லாரா கடற்படை வீரர், இசையமைப்பாளரும்கூட. 1911இல் சரயேவோ, சலோனிக்கா, இஸ்தான்புல் என்று போய், 1492இல் விரட்டப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களிடம் ஸ்பானியக் கதைப்பாடல்களைச் சேகரித்தார். ஸ்பெயினில் மறந்துபோனவை சில அங்கே வீட்டுப் பாட்டாக இருந்தன. வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர்களையே பேசுகிறோம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவர் இவர்.

வடகடல்:

தாளக்கணக்கு தம்பி, நீங்கள் உரலையும் புட்டியையும் சொன்னீர்கள். எங்கள் பக்கத்துப் பொரிசட்டியை விட்டுவிட்டீர்கள். மேற்கு அஸ்தூரியாஸில் வகேய்ரோக்கள் என்ற மாடு மேய்ப்போர், கோடையில் மேட்டு மேய்ச்சல் நிலத்துக்கும் குளிரில் தாழ்நிலத்துக்கும் மாறி மாறிக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களுடைய பாட்டுக்குத் தாளம், நீண்ட கைப்பிடி கொண்ட இரும்புப் பொரிசட்டியும் ஒரு பெரிய கதவுச் சாவியும். சட்டிக்குப் பாயெச்சா என்று பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவில் அருகில் நின்று பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, சட்டியைச் சாய்த்துப் பிடித்து, சாவியால் தட்டிக்கொண்டே பாடினார். தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே சாவி இரும்பில் உரசும் ஒலி ஒன்று வருகிறது. அதுதான் ஆடுகிறவர்களின் காலை இழுக்கிறது. நான் கைப்பேசியில் பதிந்ததை வீட்டில் கேட்டபோது தட்டல் மட்டும் கேட்டது, உரசல் காற்றில் போய்விட்டது.

தாளக்கணக்கு:

அக்கா, அந்த உரசல் எந்த இடத்தில் விழுகிறது? தட்டலுக்குச் சரிபாதியிலா, அடுத்த தட்டலை ஒட்டியா? சட்டியை இடக்கையால் பிடித்திருந்தாரா?

வடகடல்:

இடக்கைதான். அடுத்த தட்டலை ஒட்டி, கொஞ்சம் அவசரமாக. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகஸ்டில் அதே திருவிழாவுக்குப் போவேன். இம்முறை நல்ல ஒலிவாங்கி எடுத்துச் செல்கிறேன். முதலில் அந்த அம்மாவிடம் பெயரைக் கேட்டு, பதிவு செய்யவும் இங்கே பகிரவும் அனுமதிப்பாரா என்று கேட்கிறேன். போன முறை இரண்டையும் கேட்கவில்லை.